கடைத்தெரு முக்கில் ஒரு கை

அந்த அம்மா எங்கள் பஸ்ஸை முதன்முதலாக நிறுத்திய அன்று எதிரே ஒன்றுமே வரவில்லை.

நான் கண்டக்டராகச் சேர்ந்த புதிது. கும்பகோணத்திலிருந்து வலங்கைமான் வழியாக மன்னார்குடி போகும் தனியார் பஸ். பெரிய கம்பெனிகளின் பஸ்களை எல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்டிருந்த சமயம். எங்கள் முதலாளியிடம் இருந்தது இரண்டே பஸ் என்பதால் தப்பித்தார். டிரைவர் நாகூர்க்காரர். காதர் அண்ணன் என்று கூப்பிடுவோம். வலங்கைமானைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு சின்ன ஊர். என் கிராமத்துக்காரர்கள் உப்பு புளிக்கு வரும் ஊர் அதுதான். கடைத்தெருவின் கடைசியில் பஸ் ஸ்டாண்டு. ஆனால் தெருவுக்குள் நுழையும் இடத்தில் ரோடு முழங்கை மாதிரி மடங்கும். அந்த முக்கில்தான் பாத்திரக்கடை.

முக்கு திரும்பினால் எதிரே என்ன வருகிறது என்று தெரியாது. நெல் மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி, வீட்டு உயரத்துக்கு வைக்கோல் பாரம், உர லாரி, அப்போதுதான் வரத் தொடங்கியிருந்த டிராக்டர், கோயில் மாடு, சைக்கிள் எல்லாம் அந்த முழங்கைக்குள் புகுந்துதான் வெளியே வர வேண்டும். அன்றைக்குக் காதர் அண்ணன் ஹாரன் அடித்துக்கொண்டே திரும்பப் போனார். பாத்திரக்கடைப் படியிலிருந்து கடைக்கார அம்மா இறங்கி வந்து ரோட்டின் நடுவில் நின்றார். வலது கையைத் தூக்கினார். உள்ளங்கை எங்களைப் பார்த்திருந்தது.

"நில்லு."

காதர் அண்ணன் பிரேக் போட்டதில் பஸ்ஸுக்குள் நின்றிருந்தவர்கள் எல்லாரும் முன்னால் சாய்ந்தார்கள். நாங்கள் காத்திருந்தோம். வைக்கோல் வண்டி வரும் என்று பார்த்தோம். வரவில்லை. ஒரு நாய் வந்தது. அதுவும் ஓரமாகத்தான் போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மா கையை இறக்கி, "ம், போங்க" என்றார்.

நான் படியில் தொங்கிக்கொண்டே கேட்டேன். "ஏம்மா, ஒண்ணுமே வரலியே?"

"வரலேன்னா நல்லதுதானேப்பா?" என்று சொல்லிவிட்டுக் கடைக்குள் போய்விட்டார்.

காதர் அண்ணன் சிரித்துக்கொண்டே கியரைப் போட்டார்.

ஐம்பது வயது இருக்கலாம். கெட்டியான உடம்பு, காதில் கல் தோடு. நெற்றியில் ஒன்றும் இருக்காது. அதனால் சிலர் அவரை விதவை என்றார்கள், சிலர் சர்ச்சுக்குப் போகும் வேதக்கோயில்காரர் என்றார்கள். புருஷன் அந்த முக்கில்தான் லாரி அடித்துச் செத்தான் என்று சோடாக்கடைக்காரர் ஒருநாள் சொன்னார். புருஷன் சிங்கப்பூரில் சௌக்கியமாக இருக்கிறான் என்று அவரே இன்னொரு நாள் சொன்னார். காதர் அண்ணன் நேராகவே கேட்டுவிட்டார். ஒரு பிள்ளை குறுக்கே ஓடினதைப் பார்த்ததிலிருந்து பயம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார் அந்த அம்மா. நான் கேட்டபோது, "கடையில உக்காந்தா காலு மரத்துப் போவுதுப்பா" என்றார்.

ரோட்டில் மட்டும்தான் நிறுத்துவார் என்றால் புரிந்துகொள்ளலாம். கடைக்குள்ளும் அதே கதைதான். பித்தளையைப் போட்டு எவர்சில்வர் வாங்கும் காலம் வந்திருந்தது. வீட்டுக்கு வீடு அண்டா, குத்துவிளக்கு, சொம்பு என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். ஒருநாள் நாங்கள் முக்கில் நின்றிருந்தபோது ஒரு பெண் பெரிய பித்தளை அண்டாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படியேறினார்.

"நில்லு. எதுக்கு இதக் கொண்டாந்தே?"

"மாத்தணுங்க. பொண்ணுக்குக் கல்யாணம்."

"மாத்தாத. திருப்பித் தூக்கிட்டுப் போ."

அந்தப் பெண் அழாத குறை. எதிர்ச்சாரியில் இருந்த கடைக்குப் போய் மாற்றிக்கொண்டு போனார். வந்த வியாபாரத்தை இப்படி விரட்டுவார்களா என்று பஸ்ஸில் இருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். அந்த வாரமே இன்னொரு பெண் அதே மாதிரி அண்டாவோடு வந்தபோது, வாயைத் திறக்காமல் தராசில் வைத்து வாங்கிப் போட்டார். இவருக்கு என்ன கணக்கு, எந்தக் கணக்கில் ஒருத்தியை விட்டார், ஒருத்தியை நிறுத்தினார் என்று எனக்கு விளங்கவில்லை.

கடைத்தெரு வியாபாரிகள் எல்லாரும் சேர்ந்து மனுக் கொடுத்ததில் ஒரு போக்குவரத்துப் போலீஸ்காரரைப் போட்டார்கள். குடையும் விசிலுமாக அவர் முக்கில் நிற்பார். அவர் வா என்று கை காட்டும்போது அந்த அம்மா நில் என்று கை காட்டுவார். காதர் அண்ணன் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, "யா அல்லா, நான் யாரு சொல்றதக் கேக்கறது?" என்பார். கடைசியில் அவர் அந்த அம்மா சொல்வதைத்தான் கேட்பார். பிறகு அறுவடை நேரத்தில் வயல்களுக்குப் பாதுகாப்புப் போட வேண்டும் என்று அந்தப் போலீஸ்காரரைக் கொண்டுபோய்விட்டார்கள். முக்கு மறுபடியும் அந்த அம்மா கைக்கே வந்தது.

என் அம்மாவுக்கு அந்தக் கடை என்றால் ஒரு பிரியம். நாங்கள் பண்ணையாள் குடும்பம். மற்ற கடைகளில் எங்கள் ஆட்கள் வாசலில் நின்று கேட்பதை வாங்கிக்கொண்டு வர வேண்டும். பாத்திரக்கடையில் மட்டும், "உள்ள வாங்க, ஏன் வெயில்ல நிக்கிறீங்க?" என்று கூப்பிட்டு மணையில் உட்கார வைப்பார். என் அம்மாவை 'வாங்க' என்று சொன்ன முதல் கடைக்காரர் அவர். அம்மா அதைத் தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டது.

ஒருநாள் அம்மா ஒரு சொம்புக்காகப் போயிருக்கிறது. படியில் கால் வைக்கும்போதே அந்த அம்மா கையைக் காட்டி, "நில்லு, அங்கேயே நில்லு" என்றிருக்கிறார். அம்மா வெயிலில் நின்றுவிட்டு, சொம்பு வாங்காமலே திரும்பிவிட்டது. வீட்டுக்கு வந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டது. விசாரித்தபோது, கடைக்குள் பெரிய மிராசுதார் வீட்டு அம்மாள் உட்கார்ந்திருந்ததாக என் அண்ணன் தெரிந்துகொண்டு வந்தான்.

"பாத்தியா? பணக்காரி வந்ததும் நிறம் மாறிடுச்சு" என்றான் அண்ணன்.

"உள்ள போயிருந்தா அந்த மிராசு அம்மா வாயில வந்தபடி பேசியிருக்கும். அதுக்காக நிறுத்தியிருக்கலாம்ல?" என்றேன் நான்.

இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "எதுக்கு நிறுத்தினா என்னடா, நின்னது நான்தானே?" என்றது.

ஆனால் அடுத்த மாதம் அம்மா மறுபடியும் அந்தக் கடைக்குத்தான் போயிற்று. உள்ளே மணையில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வந்தது. அன்றைக்கு ஏன் நிறுத்தினீர்கள் என்று அம்மா கேட்கவில்லை. அந்த அம்மாவும் சொல்லவில்லை.

அண்ணன் என்னைவிட ஆறு வயது மூத்தவன். விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் எங்கள் தெருவுக்கு அவன்தான் முன்னால் நிற்பான். ஆட்சி மாறியது, நிலச் சட்டம் வந்தது, உச்சவரம்பு என்றார்கள், குடியிருக்கும் மனை இனி உங்களுக்கே என்றார்கள். மேடையில் கேட்கும்போது எல்லாம் நடந்துவிட்ட மாதிரி இருக்கும். வயலுக்குப் போனால் மிராசுதாரின் பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் பழைய காரியக்காரர் பழைய குடையோடு பழைய வரப்பில் நிற்பார். பஸ்ஸில் ஒரு சீட்டில் மிராசுதார் ஆளும் அடுத்த சீட்டில் சங்கத்து ஆளும் உட்கார்ந்து வருவார்கள். இருவருக்கும் நான்தான் டிக்கெட் கிழிக்க வேண்டும். காக்கிச் சட்டை போட்டதிலிருந்து நான் எந்தப் பக்கம் என்று அண்ணனுக்கும் சந்தேகம், எனக்கும் சந்தேகம்.

அந்தச் சமயத்தில்தான் பஸ் ஸ்டாண்டை ஊருக்கு வெளியே மாற்றும் பேச்சு வந்தது. ரோடு நெரிசல் தாங்கவில்லை, வெளித்திடலில் புதிய பஸ் ஸ்டாண்டு கட்டலாம் என்றார் பேரூராட்சித் தலைவர். கடைக்காரர்களுக்குக் கதி கலங்கிவிட்டது. பஸ் போய்விட்டால் இட்லிக்கடைக்கும் சோடாக்கடைக்கும் யார் வருவார்கள்? எல்லாரும் பாத்திரக்கடை அம்மாவிடம் வந்து, நீங்கள்தான் கூட்டத்தில் பேச வேண்டும் என்றார்கள். மாற்றக்கூடாதுதான், பேசுகிறேன் என்றார். அன்று மாலைக் கூட்டத்தில் எழுந்து, "மாத்துங்க. நல்லதுதான்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் கடைவாசலில் பெரிய சத்தம். எங்கள் பஸ் நின்றுகொண்டிருந்ததால் எனக்கும் கேட்டது. "நேத்து எங்ககிட்ட மாத்தக்கூடாதுன்னீங்களே?" என்று கத்தினார் சோடாக்கடைக்காரர்.

"நேத்து நீங்க சொன்னப்ப அது சரின்னு பட்டுது. தலைவரு சொன்னப்ப அதுவும் சரின்னுதான் பட்டுது. நான் என்ன பண்றது?"

அவர் கேலி செய்கிறாரா, உண்மையாகவே சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். உண்மையாகத்தான் சொன்னார் என்று தோன்றியது. பிறகு அப்படித் தோன்றியதும் சந்தேகமாக இருந்தது.

தை மாதம். சம்பா தலை சாய்ந்து நின்றது. கூலிப் பேச்சு முறிந்து, எங்கள் ஆட்கள் யாரும் வயலில் இறங்கவில்லை. வெளியூரிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து அறுக்கப்போகிறார்கள் என்று பேச்சு. கொண்டுவந்தால் விடமாட்டோம் என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தான். வீட்டில் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

அன்று காலை கும்பகோணத்திலிருந்து வந்துகொண்டிருந்தோம். ஊரை நெருங்கும்போது பின்னால் ஒரு லாரி ஒட்டிக்கொண்டு வந்தது. நான் பின்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். லாரி நிறைய ஆணும் பெண்ணும், துணியில் சுற்றிய அரிவாள்கள். முன்னால் டிரைவர் பக்கத்தில் மிராசுதாரின் காரியக்காரர். அவருக்குப் பக்கத்தில் தடியோடு இரண்டு பேர். அதே நேரத்தில் கடைத்தெருவுக்குள்ளிருந்து கோஷம் கேட்டது. எங்கள் சங்கத்து ஊர்வலம் முக்கை நோக்கி வந்துகொண்டிருந்தது.

பஸ் முக்கில் பாதி திரும்பியபோது அந்த அம்மா இறங்கி வந்தார். கையைத் தூக்கினார். காதர் அண்ணன் பிரேக் போட்டார். முழங்கையில் எலும்பு மாட்டின மாதிரி பஸ் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது.

"இஞ்சின அணைங்க" என்றார் அந்த அம்மா.

காதர் அண்ணன் அணைத்தார். ஏன் அணைத்தேன் என்று தெரியவில்லை என்று பிறகு பல தடவை சொல்லியிருக்கிறார்.

பின்னால் லாரிக்காரன் ஹாரனை விடாமல் அடித்தான். முன்னால் செங்கொடிகள் தெரிந்தன. அண்ணன்தான் முதலில் வந்தான். கடைச் சுவருக்கும் பஸ்ஸுக்கும் இடையில் ஒருவர் மட்டும் நுழையலாம். அந்தச் சந்தில் அந்த அம்மா போய் நின்றுகொண்டார். அவர் தோளுக்கு மேலாக அண்ணன் என்னைப் பார்த்துக் கத்தினான்.

"தம்பி, பின்னால லாரியில யாரு?"

நான் பின்னால் திரும்பி லாரியைப் பார்த்தேன்.

"பஸ்ஸை எடுக்கச் சொல்லுடா. முன்னால எடுத்து ஓரங்கட்டச் சொல்லு. நாங்க பாத்துக்கறோம்."

அதற்குள் காரியக்காரர் இறங்கி என் படிக்கட்டுக்கே வந்துவிட்டார். "கண்டக்டர், விசிலடி. பஸ்ஸை எடு. இல்லாட்டி நாளையிலேருந்து இந்த ரோட்டுல உங்க பஸ் ஓடாது."

அன்றைக்கு இரண்டு தரப்பும் ஒத்துப்போன ஒரே விஷயம் பஸ்ஸை எடுக்க வேண்டும் என்பதுதான். நான் விசிலை வாயில் வைத்துவிட்டேன். அண்ணன் சொல்லி வைத்தேனா, காரியக்காரர் சொல்லி வைத்தேனா, கை தானாகப் போயிற்றா தெரியாது. அந்த அம்மா என்னைப் பார்த்தார்.

"தம்பி, விசிலை வாயிலேருந்து எடு."

எடுத்தேன்.

"வழி விடுங்க" என்றான் அண்ணன் அவரிடம். "உங்களுக்கும் எங்களுக்கும் பகை இல்ல. தள்ளிக்கிங்க."

"நில்லுப்பா."

"எங்க வயித்துல அடிக்க ஆள் கொண்டாந்திருக்கான். நீங்க யாருக்கு நிக்கிறீங்க?"

அந்த அம்மா அவனையே பார்த்தார். கை அப்படியே இருந்தது. எங்கிருந்தோ ஒரு கல் வந்து பஸ் கண்ணாடியில் விழுந்தது. இன்னொரு கல் அந்த அம்மாவின் தோளில் பட்டது. ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுவரைப் பிடித்து நிமிர்ந்தார். தூக்கிய கை மட்டும் இறங்கவில்லை. யார் எறிந்தார்கள் என்று நான் பார்க்கவில்லை.

லாரியில் வந்தவர்கள் பாவம், எங்கே கொண்டுவந்திருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாதவர்கள். வானம் பார்த்த பூமிக்காரர்கள். கல் விழுந்ததும் லாரியிலிருந்து குதித்து, வந்த வழியே ஓடினார்கள். கைக்குழந்தையோடு ஒருத்தி மட்டும் எங்கள் பஸ்ஸில் ஏறி சீட்டுக்கு அடியில் பதுங்கிக்கொண்டாள். அரிவாள்கள் ரோட்டில் கிடந்தன. கொஞ்ச நேரத்தில் ஊர்வலத்துக்குப் பின்னாலிருந்து போலீஸ் வண்டி வந்தது. முன்னால் பஸ், பின்னால் போலீஸ். நடுவில் மாட்டிக்கொண்ட எங்கள் ஆட்களுக்கு ஓட வழியில்லை. என் கண் எதிரிலேயே அண்ணனை அடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். காரியக்காரரை யாரும் தொடவில்லை.

அன்றைக்கு ஓர் உயிரும் போகவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். அந்த லாரியும் அந்த ஊர்வலமும் நேருக்கு நேர் சந்தித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ஊரில் பேச்சு வேறு மாதிரி ஓடியது. போலீஸ் வரும்வரைக்கும் ஊர்வலத்தை மடக்கி வைத்துக் காட்டிக் கொடுத்தாள் என்றார்கள் எங்கள் ஆட்கள். அறுவடை ஆட்களை நுழையவிடாமல் செங்கொடிக்காரனுக்குத் துணை போனாள் என்றார்கள் மிராசுதார்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் கடைக்கு வருவது நின்றது. போலீஸ் விசாரணையில் அதிகாரி, "பஸ்ஸை நிறுத்த உங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தா?" என்று கேட்டாராம். "யாரும் குடுக்கலீங்க" என்றாராம் அந்த அம்மா. அதோடு அனுப்பிவிட்டார்கள்.

அண்ணன் திருச்சி ஜெயிலில் சில மாதங்கள் இருந்துவிட்டு வந்தான். இடது கை சரியாக மடங்காது. வந்ததிலிருந்து அந்த அம்மாவைப் பற்றிப் பேச்சு வந்தால், "அவதான் புடிச்சுக் குடுத்தா" என்பான். "அவ நிறுத்தலேன்னா உன்னைத் தூக்கிப் போட்டுட்டு வந்திருப்போம்டா" என்று அம்மா சொல்லும். "போட்டிருக்கலாம்" என்பான். இருவரும் சொல்வது எனக்குச் சரியாகவே பட்டது. எங்கள் வீட்டில் பல ராத்திரிகள் சோறு அந்தப் பேச்சோடுதான் இறங்கியது.

பஸ் ஸ்டாண்டு வெளித்திடலுக்குப் போனது. ரோட்டையும் சுற்றிப் போட்டார்கள். இட்லிக்கடையும் சோடாக்கடையும் பின்னாலேயே போய்விட்டன. கும்பகோணத்து ஆள் ஒருவர் புதிய பஸ் ஸ்டாண்டு எதிரில் கண்ணாடி போட்ட எவர்சில்வர் கடை திறந்தார். எங்கள் பஸ் முக்குப் பக்கமே போகவில்லை. அந்த அம்மா அப்புறம் தெருவில் இறங்கவே இல்லை என்று கேள்விப்பட்டேன். இறங்கினாலும் நிறுத்துவதற்கு அங்கே ஒன்றும் வரவில்லை.

இரண்டு மூன்று வருஷம் கழித்து ஒரு மத்தியானம் புதிய பஸ் ஸ்டாண்டில் அந்த அம்மாவே எங்கள் பஸ்ஸில் ஏறினார். இளைத்திருந்தார். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, மன்னார்குடியில் தங்கச்சி வீட்டுக்கு என்று டிக்கெட் கேட்டார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, "அம்மா சௌக்கியமா?" என்றார். சௌக்கியம் என்றேன். அண்ணனைப் பற்றிக் கேட்கவில்லை.

பஸ்ஸில் கூட்டமில்லை. நான் எதிர் சீட்டில் உட்கார்ந்தேன். கேட்கலாமா வேண்டாமா என்று இருந்தது. கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கி ஏம்மா நிறுத்தினீங்க?"

வெளியே வயலைப் பார்த்தார். நடவு நடந்துகொண்டிருந்தது.

"பஸ் வர்ற சத்தம் கேட்டுது. எப்பவும் போல எறங்கிக் கையத் தூக்கிட்டேன். அப்பறந்தான் லாரியப் பாத்தேன். இந்தப் பக்கம் பாத்தா உங்க அண்ணன் வராரு. எறக்கினா என்ன ஆவும்னு தெரியல. எறக்காம இருந்தா என்ன ஆவும்னும் தெரியல. யாருக்கு நிக்கிறேன்னு அவரு கேட்டாருல்ல? யோசிச்சேன்ப்பா. ஒண்ணும் தோணல."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன? தூக்கின கைய எப்டி எறக்கறதுன்னு தெரியாமதான் நின்னேன்."

மன்னார்குடியில் இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. தங்கச்சி வீட்டிலேயே இருந்துவிட்டார் என்றும், திரும்பி வந்து கடையிலேயே செத்தார் என்றும் இரண்டு விதமாகச் சொன்னார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். கோபப்படுவான், பொய் என்பான் என்று நினைத்தேன். நான் சொல்லி முடித்த பிறகும் அவன் திரும்பவில்லை. தூங்கிவிட்டான் என்று நான் எழுந்தபோது கேட்டான்.

"எங்க எறங்கினாங்க?"

"மன்னார்குடி."

"டிக்கெட் குடுத்தியா?"

"குடுத்தேன்."

எழுந்து உட்கார்ந்துவிட்டான். "அவங்ககிட்டப் போயி டிக்கெட்டுக்குக் காசு வாங்கினியாடா?"

அம்மா அடுப்படியிலிருந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.